ரூவா முனையில் வடமேற்குக் காற்று

வானிலை அறிக்கையைக் கேட்டதும் மாலக்கி டூஹிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அது வந்த சூட்டோடு தன்மேலேயே ஓர் அருவருப்பும் வந்தது.

தென்மேற்கிலிருந்து அடிக்கும் புயல், விடியும்போது வடமேற்குக்குத் திரும்பும் என்று வானொலியில் சொன்னார்கள். அயர்லாந்தின் மேற்குக் கரையில், ரூவா முனையில் உட்கார்ந்து கடல்பறவை பார்ப்பவர்கள் வருஷம் பூராவும் காத்துக் கிடப்பது இந்தக் காற்றுக்குத்தான். அட்லாண்டிக்கின் நடுவில் யார் கண்ணிலும் படாமல் தெற்கே போகும் பறவைகளையெல்லாம் அது கரைப்பக்கம் ஒதுக்கிக்கொண்டு வந்து, முனையின் மூக்குக்கு முன்னால் வரிசையாகப் போக வைக்கும். செப்டம்பரில் இப்படியொரு காற்று வந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் இந்த செப்டம்பரில் டொனகா ஹெஷன் கடலுக்குள் கிடந்தான்.

"மூஞ்சியப் பாரு" என்றாள் நோரீன், அடுப்புப் பக்கமிருந்து. "காத்து திரும்புதுன்னு சொன்னதும் பல்லு தெரியுது."

"எங்க தெரியுது?"

"எனக்குத் தெரியும். இருபது வருஷமா இந்த மூஞ்சியோடதானே குடும்பம் நடத்துறேன்." அவள் தேநீர்க் குடுவையை எடுத்து வைத்தாள். "ஊரே அந்தப் புள்ளையப் பாறை பாறையா தேடிட்டு இருக்கு. நீ குருவி பாக்கப் போனேன்னு கேள்விப்பட்டாங்கன்னா, அப்புறம் நம்ம வீட்டுப் பக்கம் ஒரு நாயி கூட வராது."

"குருவி பாக்கப் போகல."

"பின்ன?"

"தண்ணியப் பாக்கப் போறேன்."

நோரீன் குடுவையை நிரப்பி, ரொட்டிக்கு நடுவில் பன்றிக்கறியும் வெண்ணெயும் வைத்து, வழக்கத்தைவிட இரண்டு துண்டு அதிகமாகவே கட்டிக் கொடுத்தாள்.

டொனகா காணாமல் போய் எட்டு நாள் ஆகியிருந்தது. முப்பத்து நாலு வயது. கல்லிறால் பிடிக்கிற கூடுகளை எடுக்க, மஞ்சள் மழைக்கோட்டோடு தனியாகப் போனவன். சாயங்காலம் அவன் படகு முனைக்கு வடக்கே பாறையில் முட்டிக்கொண்டு, இயந்திரம் ஓடியபடியே கிடந்தது. உள்ளே பாதி உயரத்துக்கு இறால் பெட்டி, அரைகுறையாகச் சுற்றிய கயிறு, அவன் தொப்பி. கயிறு காலில் மாட்டி இழுத்திருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அன்றிலிருந்து மீட்புப் படகு வந்தது, ஹெலிகாப்டர் வந்தது, முக்குளிப்பவர்கள் வந்தார்கள். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு குச்சியோடு கரையோரம் வரிசையாக நடந்தார்கள். காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற நேரம் போக, மாலக்கியும் நடந்தான். வரிசையின் கடைசியில். அவனை யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், முனையின் தெற்கு மடியில் பாறையை வெடி வைத்துத் தகர்த்து படகு இறக்க ஒரு துறை கட்டவேண்டும் என்று மீனவர்கள் கேட்டார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அங்கே ஓரளவு ஒதுக்கம் உண்டு. முன்னால் நின்று கேட்டவர் டொனகாவின் அப்பா கோல்மன் ஹெஷன். அந்தப் பாறை இடுக்குகளில் செவ்வலகுக் காகங்கள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கடற்கரையிலேயே அவை அதிகம் மிஞ்சியிருந்தது அங்கேதான். மாலக்கி எதிர்ப்பு எழுதி அனுப்பினான். துறை வரவில்லை. அன்றிலிருந்து கோல்மன் அவனிடம் பேசுவதில்லை. கடையில் எதிரில் வந்தால் ரொட்டி வாங்காமலே திரும்பிப் போய்விடுவார்.

சனிக்கிழமை, பேருந்து ஓட்ட வேண்டியதில்லை. விடிந்து கொஞ்ச நேரத்தில் மாலக்கி முனையின் நுனிக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே, போர்க்காலத்தில் கடலைக் காவல் காத்தவர்கள் விட்டுப்போன கூரையில்லாத கல் குடில் ஒன்று இருக்கிறது. மூன்று சுவர் மட்டும்தான். ஆனால் வடக்கிலிருந்து தெற்குவரை முழுக் கடலும், கீழே தனியாக நிற்கும் பாதிரி என்கிற உயரமான கருங்கல் தூணும், அதற்கும் குன்றுக்கும் இடையில் கொதிக்கிற தண்ணீரும் அங்கிருந்து தெரியும். காற்று வானொலியில் சொன்னபடியே திரும்பிவிட்டது. நிமிர்ந்து நின்றால் ஆளைத் தள்ளியது. முக்காலியின் கால்களைக் கல் வைத்து இறுக்கி, தொலைநோக்கியைப் பொருத்தி, தொடுவானத்தைப் பார்க்காமல், கீழே, அலைகளின் முதுகைப் பார்க்க ஆரம்பித்தான்.

பறவைகள் வந்துகொண்டே இருந்தன. வெள்ளைவெளேரென்ற பெரிய கானெட் பறவைகள் ஒரு கூட்டத்தின் பின் இன்னொரு கூட்டமாகப் போயின. அலையை உரசிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்தால் கறுப்பும் மறுபக்கம் சாய்ந்தால் வெள்ளையுமாக நூற்றுக்கணக்கில் சிறியவை போயின. பெயர் தெரிந்தவை, வருஷத்துக்கு ஒருமுறை மட்டுமே பார்க்கக் கிடைப்பவை, எல்லாம் கண்ணாடி வட்டத்துக்குள் குறுக்கே ஓடின. அவன் கை தன்னையறியாமல் ஒன்றின் பின்னால் திரும்பியது. இழுத்து நிறுத்தினான். மறுபடி திரும்பியது. மறுபடி நிறுத்தினான். பாதிரியிலிருந்து ஆரம்பித்து இடமிருந்து வலமாக ஒரு பட்டை, அதற்குமேல் அடுத்த பட்டை, அதற்குமேல் இன்னொன்று என்று ஏர் உழுகிறவனைப்போலக் கடலை உழுதான்.

வெகுநேரம் கழித்துப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. நோரீனாக இருக்குமென்று திரும்பினான். கோல்மன் ஹெஷன் நின்றிருந்தார்.

எழுபது வயதுக்காரர். அந்த எட்டு நாளில் எண்பது ஆகிவிட்டிருந்தார். மேட்டில் ஏறி வந்த மூச்சு அடங்கும்வரை சுவரில் கையை ஊன்றி நின்றார். பிறகு முகத்தைப் பார்க்காமல், தொலைநோக்கியைப் பார்த்துப் பேசினார்.

"அந்தக் குழாயில எவ்வளவு தூரம் தெரியும்?"

"இந்தக் காத்துல… ஒரு மிதவைப் பந்து மூணு மைல் தள்ளியிருந்தாலும் தெரியும்."

"ஆளு?"

"தெரியும்."

"மீட்புப் படகு மத்தியானம் வரைக்கும் வெளிய போக முடியாதுன்னுட்டாங்க. ஹெலிகாப்டரும் வராதாம்." கோல்மன் சுவரோரம் கிடந்த மீன்பெட்டி ஒன்றைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ இங்கதான் இருப்பேன்னு தெரியும். காத்து வடமேற்குன்னா பன்னி சேத்தத் தேடிப் போற மாதிரி நீ இங்க வந்துடுவே. பாரு. நான் உக்காந்திருக்கேன்."

மாலக்கி பார்த்தான். கிழவர் உட்கார்ந்திருந்தார். காற்றின் இரைச்சலில் பேசாமல் இருப்பது இரண்டு பேருக்குமே சுலபமாக இருந்தது. தேநீர் ஊற்றிக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார். ரொட்டியை வேண்டாம் என்று தலையசைத்தார்.

"உன் கண்ணாடிக்கு முன்னால என்னமோ போய்க்கிட்டே இருக்கே" என்றார் ஒரு கட்டத்தில். "எனக்கு வெறுங்கண்ணுக்கே தெரியுது. நீ அதப் பாக்கலையா?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

"கண்ணுல படுது. பின்னாடி போகல."

கோல்மன் ஒரு முனகல் முனகினார். கொஞ்சநேரம் கழித்து, எதிர்பாராத நேரத்தில், "இங்க ஒரு துறை இருந்திருந்தா, அவன் தினம் முனையச் சுத்திட்டுப் போயிருக்க வேண்டியதில்ல" என்றார்.

"தெரியும்."

"ஒரு மணி நேரம் போக, ஒரு மணி நேரம் வர. களைச்சுப்போயித்தான் கயித்துல கால வெச்சிருப்பான்."

"எட்டு நாளா நானும் அதத்தான் நெனச்சிட்டிருக்கேன், கோல்மன்."

"நெனச்சு?"

மாலக்கி கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை. "அந்தப் பறவைங்க இருக்கட்டும்னு நான் நெனச்சது தப்புன்னு இப்பவும் எனக்குச் சொல்ல வரல. டொனகா போனதுல எனக்குப் பங்கு இல்லைன்னும் சொல்ல வரல. ரெண்டும் ஒண்ணா தொண்டையில நிக்குது."

கிழவர் எழுந்து போய்விடுவார் என்று மாலக்கி நினைத்தான். அவர் போகவில்லை, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதே பெட்டியில் இருந்தார்.

அந்த நேரத்தில்தான் ஹேசல் பிம் வந்தாள். டப்ளினில் பல் வைத்தியர். நல்ல காற்று வருகிறதென்றால் நோயாளிகளையெல்லாம் தள்ளிப் போட்டுவிட்டு நாட்டின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்குக் காரை விரட்டிக்கொண்டு வருகிறவள். மாலக்கிக்கு அந்தக் குடிலில் பல வருஷத் தோழி. ஊரில் நடந்தது அவளுக்குத் தெரியாது. மேட்டில் ஏறும்போதே கடலைப் பார்த்தபடி வந்தவள், குடிலுக்குப் பத்தடி தூரத்தில் நின்று, பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள்.

"மாலக்கி! பாதிரிக்கு மேல, வலது பக்கம்! சாம்பல் முதுகு, கறுப்பு இறக்கை… ஐயோ, அதேதான்! அதேதான்டா! மாலக்கி, எங்கடா பாக்குற, மேல பாரு!"

அவள் சொன்ன பறவை என்னவென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆப்பிரிக்காவுக்கு அப்பால் தூரத்துத் தீவுகளில் மட்டும் கூடு கட்டுகிற பெட்ரல் என்கிற கடல்பறவை. அந்தக் குடிலில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்த அத்தனை செப்டம்பரும் அதற்காகத்தான். தலையை இரண்டு விரற்கடை உயர்த்தியிருந்தால் போதும். அவன் கண் அலையிலேயே இருந்தது. கழுத்து நரம்பு மட்டும் புடைத்து நின்றது.

"போச்சு" என்று சிரித்துக்கொண்டே குடிலுக்குள் நுழைந்தாள் ஹேசல். "வயசாயிடுச்சு உனக்கு. காதும் போச்சா…" அப்போதுதான் பெட்டியில் உட்கார்ந்திருந்த கிழவரைப் பார்த்தாள்.

மாலக்கி நாலே வார்த்தையில் சொன்னான். ஹேசல் பைனாகுலரைக் கீழே இறக்கினாள்.

"மன்னிச்சுடுங்க" என்றாள். "நான்… எனக்குத் தெரியாது. இப்பவே போயிடுறேன்."

"எதுக்குப் போகணும்?" என்றார் கோல்மன். "நீயும் ஒரு குழாய் கொண்டு வந்திருக்கியே. அதப் போட்டு நிறுத்தும்மா. ரெண்டு கண்ணுக்கு நாலு கண்ணு."

அவள் முக்காலியை விரித்தாள். வடக்குப் பக்கம் அவளுக்கு, தெற்குப் பக்கம் மாலக்கிக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவள் ஒரு பறவையின் பெயரையும் வாயால் சொல்லவில்லை.

சொல்லச் சொன்னது கோல்மன்தான். "என்னத்தப் பாத்துட்டு அப்படிக் கத்தினே?"

ஹேசல் மாலக்கியைப் பார்த்தாள். பிறகு, தண்ணீரைப் பார்த்தபடியே, அது எங்கிருந்து வருகிறது, எவ்வளவு அரிது, கரையில் நின்று அதைப் பார்த்தவர்கள் எவ்வளவு கொஞ்சம் என்று தணிந்த குரலில் சொன்னாள்.

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றார் கிழவர். "கடற்காகம் ஒண்ணு. மத்ததெல்லாம் கடற்காகத்தோட சித்தப்பன் பெரியப்பன்."

"டொனகாவுக்கு அப்படி இல்ல" என்றான் மாலக்கி.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. கோல்மன் மெதுவாகத் திரும்பினார்.

"என்ன சொன்னே?"

"அவன் என்கிட்ட கேப்பான். ஒரு நாள் பெட்ரோல் போடுற எடத்துல வந்து, 'என் இறால் கூடுங்க பக்கத்துல ஒண்ணு தண்ணி மேல நடக்குது, தகைவிலான் குருவி அளவுதான் இருக்கு, கறுப்பா, அது என்னய்யா'ன்னு கேட்டான். புயல்குருவின்னேன். அதுக்கப்புறம் எதப் பாத்தாலும் கடல்லயிருந்தே போன் பண்ணுவான். அஞ்சாறு வருஷமா."

"அஞ்சாறு வருஷமா."

"ஆமா."

"என் வீட்டுல உக்காந்து என் சோத்தத் தின்னுட்டு, உன்கிட்ட பேசிட்டு இருந்தான்."

"உங்களுக்குத் தெரிஞ்சா படகோட அவனையும் சேத்து எரிச்சிடுவீங்கன்னு சொல்வான்."

முழங்காலில் இருந்த கோல்மனின் கை முஷ்டியாகி அப்படியே நின்றது. ரொம்பநேரம் கழித்துக் கிழவரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று முதலில் தெரியவில்லை.

"எரிச்சிருப்பேன்" என்றார். புறங்கையால் மூக்கைத் துடைத்தார். "திருட்டுப் பய. அதான் சாப்பாட்டு மேசையில நான் உன்னத் திட்டும்போதெல்லாம் தட்டப் பாத்துட்டே இருப்பான். அப்பனுக்கு அடங்கின புள்ளைன்னு நான் நெனச்சேன்." பிறகு, "இன்னும் சொல்லு" என்றார்.

மாலக்கி சொன்னான். கடலை உழுதுகொண்டே சொன்னான். ஒரு தடவை படகின் மேல்தட்டில் களைத்து விழுந்த ஒரு சின்னப் பறவையை டொனகா தன் தொப்பிக்குள் வைத்துக் கரைவரை கொண்டு வந்தது. கானெட் ஒன்று கயிற்றில் மாட்டிக்கொண்டபோது அறுத்துவிடப் போய், புருவத்தில் கொத்து வாங்கியது. "பெட்டி மூடி இடிச்சிடுச்சுன்னானே!" என்றார் கோல்மன். அப்புறம், ஆரம்பத்தில் எல்லாவற்றையும் வாத்து என்று சொல்லிக்கொண்டிருந்தவன் போன வருஷம் ஹேசலே தடுமாறிய ஒன்றைச் சரியாகச் சொன்னது. "அந்தப் பையனா அது!" என்றாள் ஹேசல். கிழவர் ஒவ்வொன்றையும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, காற்றில் ஒரு சொல்லும் தவறிவிடாதபடி கேட்டுக்கொண்டார்.

மத்தியானம் காற்று கொஞ்சம் விட்டது. அலையின் நுரை குறைந்தது. மாலக்கியின் தொலைநோக்கி பாதிரிக்குக் கிழக்கே, குன்றின் நிழலில் கிடந்த தண்ணீருக்கு எத்தனையாவது முறையாகவோ வந்தது. வந்து நின்றது.

கருமுதுகுக் கடற்காகங்கள் ஐந்தாறு தண்ணீரில் உட்கார்ந்திருந்தன. பெரியவை. காற்று அடிக்கும் நாளில் அவை அங்கே உட்காருவதில்லை. பாறைமேல் ஒதுங்கியிருக்கும், அல்லது காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். இவை ஒரு வட்டமாக, உள்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தன. ஒன்று எழும்பி அருகிலேயே மறுபடி உட்கார்ந்தது. அலை எழும்பித் தாழ்ந்தது. நடுவில் ஏதோ மங்கலான மஞ்சள் தெரிந்து மறைந்தது. மறுபடி எழும்பியது. மறுபடி தெரிந்தது.

எந்த வார்த்தையில் சொல்வது?

"நிறுத்திட்டே" என்றார் பின்னால் கோல்மன். "காலையிலயிருந்து நீ குழாய நிறுத்தல. இப்ப நிறுத்திட்டே."

"கோல்மன்…"

"சொல்லுடா."

"கடற்காகம் சிலது. பாதிரிக்குக் கிழக்க."

"கருமுதுகா?"

"ஆமா."

"தண்ணியில உக்காந்திருக்கா?"

"ஆமா."

ஐம்பது வருஷம் கடலுக்குப் போனவர். அவருக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. அவரிடம் மறைக்கவும் வழியிருக்கவில்லை. பெட்டியிலிருந்து எழுந்து நின்றார். "அதுங்க எதுக்கு அப்படி உக்காரும்னு எனக்குத் தெரியும். நீ என் மூஞ்சியப் பாத்துட்டு நிக்காத. போன் பண்ணு."

மாலக்கி மீட்புப் படகுக்காரர்களைக் கூப்பிட்டான். இடத்தைச் சொன்னான், ஆழத்தைச் சொன்னான், எந்தப் பக்கமிருந்து படகு உள்ளே வரலாம் என்று சொன்னான். அவன் பேசி முடிக்கும்போது கோல்மன் தொலைநோக்கியின் பக்கம் வந்து நின்றிருந்தார்.

"தள்ளு."

"வேண்டாம், கோல்மன்."

"என் புள்ள."

அதற்குமேல் தடுக்க அவனுக்கு உரிமையில்லை. தள்ளி நின்றான். கிழவர் குனிந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, கண்ணை வைத்தார். கண்ணாடி கழற்றியவருக்குத் தொலைநோக்கியைத் திருகித் தெளிவாக்க வேண்டும். அது ஒரு சின்னத் திருகுதான். மாலக்கி கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"ஒண்ணும் தெரியல" என்றார் கோல்மன். "வெறும் சாம்பலாத் தெரியுது."

"அலை ரொம்ப இருக்கு."

"ம்." நிமிர்ந்தவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனை ஒரு முறை பார்த்தார். தெரிந்துதான் பார்த்தாரோ என்னவோ. மறுபடி கேட்கவில்லை.

மீட்புப் படகு முனையைச் சுற்றி வந்தது. அதிலிருந்து ஒரு சின்ன ரப்பர் படகை இறக்கினார்கள். அது பாதிரிக்குப் பின்னால் நுழைந்ததும் கடற்காகங்கள் கத்திக்கொண்டு எழும்பின. மூன்று பேரும் சுவரோரம் நின்று வெறுங்கண்ணால் பார்த்தார்கள். அவ்வளவு தூரத்தில் சிவப்பு மேலங்கி போட்ட ஆட்கள் குனிவதும் நிமிர்வதும் மட்டும் தெரிந்தது. ஹேசல் கிழவரின் கைக்குள் தன் கையைக் கோத்திருந்தாள். எப்போது கோத்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ரப்பர் படகு திரும்பியபோது கோல்மன் தொப்பியைக் கழற்றினார். நரைத்த முடி காற்றில் நட்டுக்கொண்டு நின்றது. வாய் ஜெபம் சொல்லியது, சத்தம் கேட்கவில்லை.

சவப்பெட்டியை மூடித்தான் வைத்திருந்தார்கள். இரண்டு நாள் ஹெஷன் வீட்டில் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். சமையலறையில் தேநீரும் ரொட்டியும் ஓயவில்லை. மாலக்கியும் நோரீனும் வரிசையில் நின்று, எல்லோரையும் போல ஒவ்வொருவர் கையாகப் பிடித்து வருத்தம் சொன்னார்கள். கோல்மனின் முறை வந்தபோது அவர் கையை விடவில்லை.

"துறைக்கு மறுபடி மனு போடப் போறேன்" என்றார், சாவு வீடென்றும் பார்க்காமல்.

"போடுங்க."

"எதிர்ப்பியா?"

"தெரியல கோல்மன். இங்க நின்னு உங்ககிட்ட பொய் சொல்ல முடியாது."

"எதிர்க்கிறதுன்னா இந்தத் தடவ கூட்டத்துக்கு வந்து எம் மூஞ்சிக்கு நேரா பேசு. காகிதத்துல எழுதி அனுப்புற வேலையெல்லாம் வேண்டாம்." கையை ஒரு முறை அழுத்திவிட்டு, அடுத்து நின்றவரிடம் திரும்பிக்கொண்டார்.

ஹேசல் அன்று பார்த்த பெட்ரலைப் பற்றி யாருக்கும் எழுதி அனுப்பவில்லை. மாலக்கி அதைப் பற்றிக் கேட்டபோது, "நான் என்னத்தப் பாத்தேன்?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

டொனகாவின் மனைவி ஓர்லா வந்தது அக்டோபர் கடைசியில். பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்த மாலக்கியின் முன்னால் வந்து நின்று, "அந்த எடத்தக் காட்டுங்க" என்றாள். அழுது முடித்த கண்கள். கையில் வண்டிச் சாவியைப் போட்டு உருட்டிக்கொண்டே இருந்தாள்.

காற்றில்லாத, வெளிறிய நாள். இரண்டு பேரும் முனைவரை நடந்தார்கள். குடிலில் தொலைநோக்கியை அவள் உயரத்துக்கு இறக்கி, பாதிரிக்குக் கிழக்கே திருப்பி, இந்த முறை திருகைத் தெளிவாக வைத்துக் கொடுத்தான். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"பெட்டியத் திறக்க வேண்டாம்னு அவங்கப்பாதான் சொன்னாரு" என்றாள், கண்ணை எடுக்காமலே. "ஏன்னு நான் கேக்கல. அன்னிக்குக் கேக்கத் தெம்பில்ல. இப்ப ராத்திரியெல்லாம் அதான் வருது." நிறுத்தினாள். "அந்தக் கடற்காகம்லாம் அவரக் கொத்துச்சா?"

இப்படி நேராகக் கேட்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சொல்லிவிடலாம். அவள் அதை நம்பமாட்டாள். அவன் சொல்லப் போகிற மற்ற எதையும் நம்பமாட்டாள்.

"நான் பாத்தத மட்டும் சொல்றேன்" என்றான். "நான் குழாயத் திருப்பின நேரத்துல அதுங்க பக்கத்துல உக்காந்திருந்துச்சு. மேல இல்ல. படகு வர்ற வரைக்கும் நான் கண்ண எடுக்கல, போன் பண்ணினதயும், உங்க மாமனார் பாக்கறதுக்காக ஒரு நிமிஷம் தள்ளி நின்னதயும் தவிர. நான் பாத்தவரைக்கும் ஒண்ணும் அவரத் தொடல. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, ஓர்லா. கடல்ல எட்டு நாள் கிடந்தா, கொத்தறதுக்குக் கடற்காகமே வேணும்னு இல்ல. பெட்டிய மூடினது அதுக்காகவும் இருக்கும்."

அவள் முகத்தைத் தொலைநோக்கியிலிருந்து எடுத்து அவனைப் பார்த்தாள். அவன் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை.

"சரி" என்றாள்.

பிறகு சுவரோரம் போய் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். அவளைத் தேற்ற அவன் போகவில்லை. குடிலுக்கு வெளியே போய், அவள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றுகொண்டான். செவ்வலகுக் காகம் ஒரு ஜோடி குன்றின் விளிம்பில் கத்திக்கொண்டே புரண்டு பறந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வெயில் மேற்கே சரிந்தபோது அவள் வெளியே வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"சாப்பிட ஏதாவது இருக்கா?" என்றாள். "காலையிலயிருந்து ஒண்ணும் தின்னல."

நோரீன் கட்டிக் கொடுத்த ரொட்டி இருந்தது. குடில் சுவரில் முதுகைச் சாய்த்து இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டார்கள்.